எறிவது வேறு, இடுவது வேறு

நாட்டில் பேசுவதற்கு எத்தனையோ விடயங்கள் இருக்க, நாய்க்கு எந்தச் சோற்றை வைப்பது என்பதைப் பற்றி ஒரு பத்திரிகைக்காரன் எழுத வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். அதிலும், கல்முனையில் இருந்துகொண்டு ஒரு முஸ்லிம் இதை எழுதுவது சிலருக்கு வியப்பாகவும், வேறு சிலருக்கு வேடிக்கையாகவும் தோன்றலாம். தோன்றட்டும். நமது ஊர்களில் நாய் என்ற பிராணி எல்லோர் கண்ணிலும் படுகிறது. எவருடைய பேச்சிலும் இடம்பெறுவதில்லை. கல்லெறியும்போது மட்டுமே அதன் நினைவு வருகிறது. ஆகவே ஒரு தடவையாவது அதைப்பற்றி நிதானமாகப் பேசுவதில் தவறில்லை.

பெரியநீலாவணையிலிருந்து மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என்று கடலோரமாக நீளும் இந்த வரிசையில் ஊர் முடியும் இடமும் அடுத்த ஊர் தொடங்கும் இடமும் வெளியூர்க்காரருக்குத் தெரியாது. மனிதர்களாகிய நாம் பிரதேச செயலக எல்லைக்காக ஆண்டாண்டு காலமாகச் சண்டையிடுகிறோம். நாய்களுக்கு அந்தக் கவலை இல்லை. காரைதீவில் காலை உணவை முடித்த நாய் சாய்ந்தமருதில் பகல் உணவைத் தேடிக்கொள்கிறது. இந்த நாய்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு எசமான் கிடையாது. ஆனால் அவை பட்டினியாலும் சாவதில்லை. ஏன்? அவற்றுக்கு நாம்தான் உணவளித்துக்கொண்டிருக்கிறோம். மதிலுக்கு அப்பால் வீசும் சோற்றுப் பொட்டலமும், கலியாண வீட்டுப் பின்புறத்தில் கொட்டும் எலும்பும், கடற்கரையில் விட்டுவரும் மீன் குடலும் அவற்றின் உணவு.

எனவே, நாய்க்கு உணவளிப்பதா, இல்லையா என்ற கேள்வி நமக்குக் கிடையாது. அளித்துக்கொண்டே இருக்கிறோம். எறிகிறோமா, இடுகிறோமா என்பதே கேள்வி. எறிபவன் தன்னிடமுள்ள தொல்லையைக் கைகழுவுகிறான். இடுபவன் உண்ணப்போகும் உயிரைப் பற்றி ஒரு கணமாவது சிந்திக்கிறான். நமது வீடுகளில் நடப்பது பெரும்பாலும் முதலாவது. அதற்கு நாம் தர்மம் என்று பெயர் சூட்டிக்கொள்வதுதான் எனக்கு உடன்பாடில்லை.

மார்க்கத்தின் பேரால் எழும் தயக்கத்தை முதலில் பார்த்துவிடுவோம். இலங்கை முஸ்லிம்களில் மிகப் பெரும்பான்மையினர் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர். அந்த மத்ஹபில் நாயின் உமிழ்நீர் அசுத்தமானது. நாய் நக்கிய பாத்திரத்தை ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்து கழுவ வேண்டும். மாலிக் மத்ஹபில் நாய் சுத்தமான பிராணியாகவே கொள்ளப்படுகிறது. இந்தக் கருத்து வேறுபாட்டுக்குள் நுழையும் தகுதி எனக்கு இல்லை, உலமாக்கள் இருக்கிறார்கள். ஆனால் தொடுவதைப் பற்றிய சட்டம் வேறு, ஊட்டுவதைப் பற்றிய அறம் வேறு என்பதை விளங்கிக்கொள்ள ஆலிம் பட்டம் தேவையில்லை. தாகத்தால் ஈர மண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்குத் தனது காலணியில் கிணற்று நீரை மொண்டு கொடுத்தவருக்குப் பாவமன்னிப்புக் கிடைத்ததாக நபிகள் நாயகம் (ஸல்) கூறிய செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. வேட்டைக்குப் பழக்கிய நாய் பிடித்துவரும் இரை ஆகுமானது என்று அல்மாஇதா அத்தியாயம் அனுமதிக்கிறது. குகைவாசிகளின் வாசலில் காவலாய்ப் படுத்திருந்த நாயை அல்கஹ்ஃப் அத்தியாயம் நினைவுகூருகிறது. மந்தை மேய்க்கவும், பயிர் காக்கவும் நாய் வைத்துக்கொள்ள விதிவிலக்கும் உண்டு.

அந்த விதிவிலக்கு நமக்கு ஏட்டுச் சுரைக்காய் அன்று. கடலோரத்து வீடுகளில் நாய் வளர்ப்போர் குறைவுதான். ஆனால் சம்மாந்துறைப் பக்கத்து வட்டைகளில் வயற்காவலுக்கு வாடி போட்டிருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். யானை வருவதை மனிதக் காதுக்கு முன்னர் அறிவது நாயின் காதுதான். மாட்டுப் பட்டிக்கும் கரைவலை வாடிக்கும் அதுவே காவல். முல்லைக்காரர் உண்ட பின்னர் எஞ்சியதே அதன் கூலி. போடியாரின் கணக்குப் புத்தகத்தில் அந்தக் கூலிக்கு ஒரு வரி கூடக் கிடையாது.

சோறு நாய்க்கு ஒவ்வாத உணவு என்று சிலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. 2013ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வொன்று, மாப்பொருளைச் செரிக்க உதவும் மரபணு, ஓநாயைவிட நாயிடம் பல மடங்கு படிகளாகப் பெருகியிருப்பதைக் காட்டியது. மனிதன் பயிர்செய்து உண்ணத் தொடங்கிய பிறகு, அவனுடைய எச்சத்தை உண்டு வாழப் பழகிய ஓநாயின் வழித்தோன்றலே நாய் என்ற கருத்துக்கு அது வலுச் சேர்த்தது. ஆகவே நமது சோற்றில் அதற்கு ஒரு பழைய உரித்து இருக்கிறது. ஆனால் சோற்றுக்குப் பழகிய அந்த வயிறு, சோற்றின்மேல் நாம் ஊற்றும் எல்லாவற்றுக்கும் பழகிவிடவில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

முதலாவது, வெங்காயமும் உள்ளியும். நமது சமையலில் இவ்விரண்டும் சேராத கறி எது? வெங்காயத்தில் உள்ள கந்தகச் சேர்வைகள் நாயின் இரத்தத்திலுள்ள சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் சென்றாலே இரத்தத்தில் மாற்றம் தோன்றலாம் என்று விலங்கு மருத்துவர்கள் குறித்திருக்கிறார்கள். 12 கிலோ எடையுள்ள நமது நாட்டு நாய்க்கு இரண்டு மூன்று பெரிய வெங்காயம் போதும் என்பது இதன் பொருள். உள்ளியின் வீரியம் அதைவிடப் பல மடங்கு. வதக்கினாலும், பொரித்தாலும், தூளாக்கினாலும் இந்த நஞ்சு நீங்குவதில்லை. இதில் கொடுமை என்னவென்றால், விளைவு உடனே தெரியாது. சில நாட்கள் கழித்து நாய் சோர்ந்து படுக்கும், ஈறு வெளுக்கும், சிறுநீர் செம்பழுப்பாகப் போகும். அப்போது, கலியாண வீட்டில் கொட்டிய வெங்காயச் சம்பலை யார் நினைத்துப் பார்க்கப் போகிறார்கள்? நோன்பு மாதத்தில் எஞ்சிய கஞ்சியை நாய்க்கு ஊற்றும் வழக்கமும் நம்மிடம் உண்டு. அரிசியும் தேங்காய்ப்பாலும் இருப்பதால் அது சாதுவான உணவாகத் தெரிகிறது. அதில் போட்ட உள்ளியையும் வெங்காயத்தையும் நாம் மறந்துவிடுகிறோம்.

இரண்டாவது, முந்திரிகைப்பழமும் அதன் வற்றலும். கடையில் நாம் ‘பிளம்ஸ்’ என்று கேட்டு வாங்கிப் புரியாணியிலும் கேக்கிலும் போடுவது இந்த வற்றலைத்தான். இது சில நாய்களின் சிறுநீரகத்தை முற்றாகச் செயலிழக்கச் செய்யும். ஏன் என்பது நீண்ட காலம் புரியாதிருந்தது. தாட்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று அமெரிக்க விலங்கு நஞ்சியல் மருத்துவர்கள் 2021இல் தமது துறைச் சஞ்சிகையில் எழுதினார்கள். இது தமிழ் பேசும் வீடுகள் அனைத்தும் கவனிக்க வேண்டிய செய்தி. ஏனெனில் அதே அமிலம் மிகுதியாக இருப்பது நமது புளியில். குழம்பில் கரைந்த சிறிதளவு புளி பட்டுவிட்டதே என்று பதறத் தேவையில்லை. ஆனால் புளி உருண்டையோ, கரைத்து வைத்த கெட்டிப் புளியோ நாயின் வாய்க்கு எட்டும் இடத்தில் இருக்கக்கூடாது.

மூன்றாவது, இனிப்பு. கட்டாரிலிருந்தும் சவூதியிலிருந்தும் வருவோரின் பெட்டி திறக்கப்படும் நாளில் வீடெங்கும் சொக்கலேட் மணக்கும். சிறுவர்கள் அன்பின் மிகுதியால் வாசலில் நிற்கும் நாய்க்கும் ஒரு துண்டு போடுவார்கள். கொக்கோவில் இருக்கும் தியோபுரோமின் என்ற பொருளை மனித உடல் விரைவாக வெளியேற்றிவிடும். நாயின் உடலோ மிக மெதுவாகவே வெளியேற்றும். அதனால் வாந்தி, படபடப்பு, வலிப்பு, சில வேளை மரணம். நிறம் கறுக்கக் கறுக்க ஆபத்தும் கூடும். சீனி இல்லாத சுவிங்கத்திலும் சில வகை நிலக்கடலை வெண்ணெயிலும் சேர்க்கப்படும் சைலிட்டோல் அதைவிடக் கொடியது. அரைமணி நேரத்துக்குள் நாயின் இரத்தத்தில் சீனியின் அளவைப் பாதாளத்துக்கு இறக்கிவிடும், ஈரலையும் கெடுக்கும். இலண்டனிலும் ரொரன்ரோவிலும் பிள்ளைகளின் பிடிவாதத்துக்கு இணங்கி வீட்டுக்குள் நாய் வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கள் இதை நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அங்கு தாத்தாவும் பாட்டியும் ஊட்டும் முறுக்கும் வடையும் வேறு இருக்கின்றன. பொதியுணவு உண்ணும் நாய்க்கு இத்தகைய இடைத்தீனி நாளாந்த உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது மருத்துவர்களின் பொதுவான அறிவுரை.

நான்காவது, எலும்பும் கொழுப்பும். நாய்க்கு எலும்பு போடுவது பரம்பரை வழக்கம் என்பார்கள். சமைத்த எலும்பு, அதிலும் கோழி எலும்பு, காய்ந்து ஈட்டிபோல் பிளந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். ஆட்டிறைச்சியிலிருந்து அரிந்தெடுத்த கொழுப்பை ஒரே நேரத்தில் நிறையத் தின்ற நாய்க்குக் கணைய அழற்சி வரலாம். கருவாட்டு உப்பும் கூடாது. கடற்கரையில் வலையிலிருந்து பிரித்து மணலில் எறியும் பேத்தை மீனைப் பற்றி மீனவருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. மனிதனைக் கொல்லும் அதன் நஞ்சு நாயையும் கொல்லும். அதை மணலில் ஆழப் புதைப்பதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்?

இத்தனையையும் வாசித்துவிட்டு, அப்படியானால் நாய்க்கு ஒன்றுமே வைக்க முடியாதா என்று சலித்துக்கொள்ள வேண்டாம். வழி மிக எளியது. நமது உம்மாமார் அரிசி கழுவுவதற்கு முன் ஒரு பிடியை எடுத்துத் தனியே ஒரு பானையில் போட்டு வைப்பார்கள். பிடியரிசி என்பது அதன் பெயர். இந்தப் பக்கத்துத் தமிழ் வீடுகளிலும் அந்த வழக்கம் இருந்தது. உண்டு எஞ்சியதை அன்றி, உலை வைப்பதற்கு முன்னரே ஒதுக்கியதைக் கொடுப்பதுதான் அதன் சிறப்பு. நாயின் பங்குக்கும் அதுவே சட்டம். தாளிப்பதற்கு முன், உப்பும் தூளும் வெங்காயமும் சேர்வதற்கு முன், ஒரு அகப்பையை எடுத்துவிடுங்கள். வெறும் சோறு, முள் நீக்கி அவித்த மீன், எலும்பு நீக்கிய அவித்த கோழி, அவித்த முட்டை, பூசணி, கரட், வற்றாளங்கிழங்கு ஆகிய யாவும் நாய்க்கு ஒத்துக்கொள்ளும். மீனைப் பச்சையாகப் போடாமல் அவித்துப் போடுவது நல்லது. சில மீன்களின் பச்சைத் தசையில் உயிர்ச்சத்து பி1ஐ அழிக்கும் நொதியம் இருக்கிறது, வெப்பத்தில் அது செயலிழந்துவிடும். பக்கத்தில் ஒரு சட்டித் தண்ணீர் வையுங்கள். பூனை வளர்ப்போருக்கும் இது பொருந்தும். வெங்காயம் பூனையை நாயைவிடக் கடுமையாகத் தாக்கும்.

வேலிக்கு வெளியே ஒரு மண்சட்டி அல்லது சிரட்டை போதும். வீட்டுப் பாத்திரம் தீண்டப்படாது. ஏழு தடவை கழுவும் தேவை எழாது. மார்க்கச் சட்டமும் காக்கப்படும், உயிரும் காக்கப்படும். கூடாததைத் தின்றுவிட்டது என்று தெரிந்தால் உப்புத் தண்ணீரைப் பருக்கி வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள். அந்த உப்பே ஆளைவிடும். அருகிலுள்ள அரச மிருக வைத்திய அலுவலகத்துக்கு உடனே அறிவிப்பதே சரி.

இந்த விடயம் நாயின் நலத்தோடு முடிந்துவிடுவதில்லை. ஐஸ்லாந்து நாட்டின் கதை அதற்குச் சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நாட்டு மக்களை ஒரு நோய் வாட்டியது. ஈரலிலும் நுரையீரலிலும் பெரிய நீர்க்கட்டிகள் வளரும். நாயின் குடலில் வாழும் ஒரு நாடாப்புழு அதற்குக் காரணம். ஆட்டை அறுக்கும்போது கட்டியுள்ள ஈரலைப் பச்சையாக நாய்க்கு எறிவார்கள். நாயின் மலத்தோடு வெளியேறும் முட்டை புல்லிலும் கையிலும் ஒட்டி மீண்டும் ஆட்டுக்கும் மனிதருக்கும் போகும். 1863இல் அங்கு சென்று ஆராய்ந்த ஹரால்ட் கிராபே என்ற டென்மார்க் அறிஞர் இதை விளக்கி ஒரு சிறு நூல் எழுதினார். அது வீடுகளுக்கு இலவசமாக வழங்கப்பட்டது. உறுப்புக் கழிவை நாய்க்குப் போடாதீர்கள், எரியுங்கள் அல்லது புதையுங்கள் என்பதே அதன் சாரம். பின்னர் சட்டங்களும் வந்தன. 1924இல் தலைநகர் ரெய்க்யவிக்கில் நாய் வளர்ப்பதே தடைசெய்யப்பட்டு, அத்தடை 1984 வரை நீடித்தது. நோய் அந்நாட்டை விட்டு நீங்கிற்று. அச்சிட்ட சில பக்கங்களை மக்கள் வாசித்து, எறிவதை நிறுத்திய கதை இது. எழுத்தைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இதைவிட ஊக்கமூட்டும் செய்தி வேறில்லை.

நமது ஹஜ்ஜுப் பெருநாளில் உழ்ஹிய்யா இறைச்சியைப் பங்கிடுவதில் எவ்வளவு ஒழுங்கு! ஏழைக்கு, உறவுக்கு, வீட்டுக்கு என்று நிறுத்துப் பிரிக்கிறோம். குடலுக்கும் கழிவுக்கும் அந்த ஒழுங்கு இல்லை. அவை ஆற்றோரத்திலும் வெற்று வளவிலும் கிடக்க, நாய்கள் இழுத்துச் செல்கின்றன. கழிவைப் புதைக்கும் குழியை முதல் நாளே வெட்டி வைப்பதும் அந்த வணக்கத்தின் ஒரு பகுதிதான் என்று பள்ளிவாசல் நிருவாகங்கள் ஜும்ஆவில் சொல்ல வேண்டும்.

இனி, சோற்றோடு சேர்த்து நாம் எறியும் உறையைப் பற்றி. மெல்லிய பொலித்தீன் ‘லன்ச் சீட்’ 2017 செப்டெம்பர் முதலாந் திகதியிலிருந்து இலங்கையில் தடைசெய்யப்பட்டது. கறி மணக்கும் உறையை நாய் உணவு என்றே நினைத்து விழுங்குகிறது. நாய் செத்தால் செய்தி இல்லை. யானை செத்தால் செய்தி. நமது அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காடு குப்பைமேட்டில், பிளாஸ்டிக் கழிவை உண்டு எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் உலகச் செய்தி நிறுவனங்கள் அறிவித்தன. நமது அடுக்களைகளில் முடிச்சிட்ட பைகள் சென்று சேரும் இடம் அதுபோன்ற மேடுகள்தான். வாசலில் நாயின் வயிற்றில் தொடங்குவது காட்டில் யானையின் வயிற்றில் முடிகிறது. இரண்டும் ஒரே கை எறிந்தது.

நாய்த் தொல்லையைப் பற்றி முறையிடுவோருக்கும் ஒரு வார்த்தை. விசர்நாய்க்கடியால் 1973இல் இந்த நாட்டில் 377 பேர் இறந்தார்கள். அண்மைய ஆண்டுகளில் அந்தத் தொகை இருபது முப்பது அளவுக்கு இறங்கியது தடுப்பூசியின் சாதனை. 2006 முதல் தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதை அரசு கொள்கையளவில் கைவிட்டது. எஞ்சியிருப்பது இரண்டு வழிகள்: கருத்தடையும் தடுப்பூசியும் ஒன்று, தெருவில் கிடக்கும் உணவைக் குறைப்பது மற்றது. ஒரு பகுதியின் நாய்களில் 70 வீதத்துக்குத் தடுப்பூசி போட்டால் நோய்ச் சங்கிலி அறும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எசமான் இல்லாத நாயை யார் பிடித்துக் கொடுப்பது? அன்றாடம் ஒரே இடத்தில், ஒரே வேளையில் சோறு வைப்பவரின் குரலுக்குத்தான் அது வரும். அரசின் இலவசத் தடுப்பூசிக் குழு வரும் நாளில் அந்த ஒருவர் நூறு வலைகளுக்குச் சமம். மதிலுக்கு அப்பால் எறிபவரால் இது முடியாது. எறிபவர் நாய்களைப் பெருக்குகிறார். இடுபவரால் அவற்றைப் பொறுப்புக்குள் கொண்டுவர முடியும்.

மாநகர சபையும் பிரதேச சபைகளும் செய்ய வேண்டியவை உண்டு. கலியாண மண்டபத்துக்கும் உணவகத்துக்கும் மூடியுள்ள கழிவுத் தொட்டியைக் கட்டாயமாக்கலாம். மீன் சந்தைக் கழிவை நாளாந்தம் அகற்றலாம். ஆனால் சபை கூடித் தீர்மானம் எடுக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லாத காரியமும் ஒன்று இருக்கிறது. அது அடுக்களையில், தாளிப்புச் சட்டி அடுப்பில் ஏறுவதற்கு முன் எடுத்து வைக்கும் அந்த ஒரு அகப்பை. நாயை நேசியுங்கள் என்று நான் எவரையும் கேட்கவில்லை. வீட்டுக்குள் விடுங்கள் என்றும் கேட்கவில்லை. நமக்கு உதவாததை அதன் முன் வீசிவிட்டு நன்மையை எதிர்பார்க்க வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள். தர்மம் என்று ஒன்றைக் கொடுத்தால், வாங்கும் உயிருக்கு அது உணவாக இருக்க வேண்டும்.